குறுக்குவழியாகிப் போன எங்கள் தெரு: வேகத்தடையா, கேட் போடுவதா, வேறு வழி உண்டா?

மூணாவது_குறுக்கு | ஜனவரி 12, காலை 7:20

மார்கழி பிறந்து நாலாவது நாள். காலை ஐந்தே முக்கால் இருக்கும். அம்மா வாசலில் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பைக் கோலமாவு டப்பாவைத் தட்டிவிட்டுப் போனது. கைக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்திருந்தால் அதிகம். டப்பா உருண்டுபோய் எதிர்வீட்டுப் படியில் நின்றது. அம்மா எதுவும் சொல்லவில்லை, மாவைக்கூட அள்ளவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து கோலம் கேட்டுக்கு உள்ளே, கார் நிற்கும் இடத்தில்தான். நாற்பது வருடமாகத் தெருவில் போட்ட கோலம்.

தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென் சென்னை. இரண்டு பெரிய ரோடுகளை இணைக்கும் நேரான தெரு, முந்நூறு மீட்டர் நீளம். அகலம் இருபத்துநாலு அடி என்றாலும் இருபுறமும் கார் நிற்பதால் நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம். ஒரு பிள்ளையார் கோவில், ரேஷன் கடை, ஒரு நர்சரி பள்ளி. பெரிய ரோட்டில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த நாளிலிருந்து எங்கள் தெரு எல்லோருக்கும் குறுக்குவழி ஆகிவிட்டது. முன்பு இரண்டு வேகத்தடைகள் இருந்தன. போன முறை ரோடு போட்டபோது தாரோடு சேர்ந்து அவையும் போயின, திரும்பப் போடவே இல்லை.

நலச்சங்கத்தில் பாதிப்பேர் வேகத்தடை கேட்போம் என்கிறார்கள். மீதிப்பேர் இரண்டு பக்கமும் கேட் போட்டுப் பூட்டுவோம் என்கிறார்கள். இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். யாரிடம் மனு கொடுப்பது, என்ன கேட்பது?

கதவுஎண்_14 | ஜனவரி 12, காலை 8:05

நானும் இதே தெருதான். கேட் போடுவோம் என்று சொல்கிற பாதியில் நானும் ஒருவன். வேகத்தடை போட்டால் நாலு மாதம் அடங்குவார்கள், பிறகு பழகிவிடும். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். மத்திய அரசின் கணக்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் முதலிடம், 64,105. இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் என்று பதிவாகியிருக்கிறது. என் பேத்திக்கு மூன்று வயது. கேட்டைத் திறந்தால் நேராகத் தெருதான், நடைபாதை கிடையாது. அவளை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஸ்கூல் வேனில் ஏற்றுகிறேன். இரவு பத்து முதல் காலை ஏழு வரையாவது பூட்டினால் என்ன தவறு?

சிவில்_ஓய்வு | ஜனவரி 12, காலை 10:40

முப்பது வருடம் ரோடு வேலையில் இருந்தவன். முதலில் சார் சொன்ன கேட். மாநகராட்சித் தெரு பொதுத் தெரு, அதற்குப் பூட்டுப் போட நலச்சங்கத்துக்கு உரிமை கிடையாது. யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் கழற்ற வேண்டியதுதான். கழற்றும் நாளில் நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றையும் சேர்த்து மறந்துவிடுவார்கள்.

அடுத்தது வேகத்தடை. நம் ஊரில் அந்தப் பெயரில் கிடப்பவற்றில் பாதி வேகத்தடையே அல்ல. வேலை முடிந்து மிஞ்சிய தாரையோ கான்கிரீட்டையோ ஒரு முழ அகலத்துக்குக் குவித்து அமுக்கியிருப்பார்கள். ரோடு வேலைக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் குழுமத்தின் (IRC) விதி வேறு. வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த முதுகு. 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுகமாக ஏறி இறங்கும், அதற்கு மேல் போனால் தூக்கிப்போடும். நாற்பது மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை. வரிசையாகப் போடுவதென்றால் நூறு நூற்றிருபது மீட்டருக்கு ஒன்று.

ஒரு முழ அகலக் குவியலில் என்ன ஆகிறது தெரியுமா? மெதுவாகப் போகிறவனுக்குத்தான் இடுப்பு உடைகிறது. கார் வேகமாகப் போனால் சக்கரம் மட்டும் துள்ளும், ஸ்பிரிங் அதை வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. கர்ப்பிணியை மெதுவாகக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரருக்குத் தண்டனை, எழுபதில் பறக்கிறவனுக்கு விடுதலை. அதனால் "வேகத்தடை வேண்டும்" என்று மட்டும் மனு எழுதாதீர்கள். அளவைப் போட்டு எழுதுங்கள். மழைநீர் போக ஓரத்தில் என்ன வழி என்பதையும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசியில் உங்கள் வாசலில் குளம்.

ஆனால் இதெல்லாம் பிறகு. உங்கள் தெருவில் எத்தனை வண்டி போகிறது, எந்நேரம், எவ்வளவு வேகம்? யாராவது எண்ணினீர்களா?

மூணாவது_குறுக்கு | ஜனவரி 12, காலை 11:15

எண்ணவில்லை சார். எப்படி எண்ணுவது? வேகம் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை.

சிவில்_ஓய்வு | ஜனவரி 12, பகல் 12:30

கருவி வேண்டாம். ஐம்பது மீட்டர் டேப் பிடித்து அளந்து தெருவில் இரண்டு கோடு போடுங்கள். ஒருவர் போன் ஸ்டாப்வாட்சுடன் மாடியில் நிற்கட்டும். முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு 6 வினாடி எடுத்தால் 30 கிலோமீட்டர் வேகம். நாலரை வினாடி என்றால் 40. 3.6 என்றால் 50. மூன்று வினாடி என்றால் 60. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குறுக்குவழியாக வருகிறவர்களைப் பிடிக்க இன்னொரு வழி. தெருவின் இரண்டு முனையிலும் ஒருவர் உட்கார்ந்து வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை நேரத்தோடு எழுத வேண்டும். இந்த முனையில் நுழைந்த எண் இரண்டு நிமிடத்துக்குள் அந்த முனையில் வெளியேறினால் அவருக்கு உங்கள் தெருவில் வேலை இல்லை என்று பொருள்.

ஏன் 30 என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு கணக்கு. மனிதன் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடியாவது ஆகும். 30-இல் போகிற கார் அந்த ஒரு வினாடியில் எட்டு மீட்டர் ஓடும், பிடித்த பின் இன்னும் ஐந்து மீட்டரில் நிற்கும். ஆக மொத்தம் பதின்மூன்று சொச்சம். 50-இல் போகிற கார் அந்த முதல் வினாடியிலேயே பதினாலு மீட்டர் ஓடிவிடும். அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கையே தொடவில்லை. குழந்தை பந்துக்குப் பின்னால் ஓடிவருவது அந்தப் பதின்மூன்றாவது மீட்டரில்தான்.

டெலிவரி_தம்பி | ஜனவரி 12, இரவு 11:50

அண்ணா, நான் உங்க ஏரியாவில்தான் டெலிவரி ஓட்டுகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தால் எந்தத் தெரு என்று தெரிகிறது. மேப்பில் வருகிறது, அதனால்தான் எல்லோரும் வருகிறார்கள் என்று உங்கள் தெருவில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பைக் ஓட்டுகிற எங்களுக்கு மேப் தேவையில்லை. தடுப்பு வைத்ததிலிருந்து பெரிய ரோட்டு சிக்னலில் வலது பக்கம் திரும்ப முடியாது. யூ டர்ன் போட ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். அதாவது மூன்று கிலோமீட்டர், அந்த நெரிசலில் இருபது நிமிடம். உங்கள் தெருவில் புகுந்தால் ஒரு நிமிடம். ஒரு ஆர்டருக்கு இத்தனை நிமிடம் என்று போனில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். லேட்டானால் என் ரேட்டிங் போகும்.

வேகமாகப் போவதை நான் சரி என்று சொல்லவில்லை. அம்மா கோலம் விஷயம் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. என் அம்மாவும் ஊரில் வாசலில்தான் போடுவார். ஆனால் எங்களைத் திட்டி, கேட் போட்டு அடைத்தால் அடுத்த தெருவில்தான் நுழைவோம். வேறு வழி இல்லை. அந்த யூ டர்னைப் பக்கத்தில் திறந்துவிட்டால் உங்கள் தெருவுக்கு நான் ஏன் வரப்போகிறேன்?

மூணாவது_குறுக்கு | ஜனவரி 13, காலை 6:40

தம்பி, நன்றி. இத்தனை வருடமாக இந்தத் தெருவில் இருக்கும் எங்களுக்கு இது தோன்றவே இல்லை. நாங்கள் எங்கள் வாசலில் இருந்துகொண்டு தெருவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நூத்தியெட்டு_டெக்னீஷியன் | ஜனவரி 13, காலை 9:25

ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன். கேட் என்று பேசுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மாரடைப்பு என்று அழைப்பு வருகிறது, தெரு முனையில் பூட்டு தொங்குகிறது, சாவி வைத்திருக்கும் வாட்ச்மேனைத் தேடி ஆளனுப்புகிறார்கள். இது எனக்கு நடந்திருக்கிறது. அன்று அந்தப் பெரியவருக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த ஆறு நிமிடத்தை நான் மறக்கவில்லை.

வேகத்தடை விஷயத்திலும் சிவில் சார் சொன்ன அளவை விடாதீர்கள். முதுகெலும்பு அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு அந்தக் குவியல்கள் மேல் போவது எங்களுக்கும் அவருக்கும் நரகம். அகலமாகச் சரிந்து ஏறி இறங்கும் மேடு என்றால் மெதுவாகப் போனால் போதும், உள்ளே படுத்திருப்பவர் அசைய மாட்டார். எங்கே மேடு இருக்கிறது என்று இரவில் தெரியும்படி பெயின்ட் அடித்திருக்க வேண்டும். அடித்த பெயின்ட் ஆறு மாதத்தில் அழிந்துவிடுகிறது, யாரும் மறுபடி அடிப்பதில்லை. உங்கள் சங்கமே வருடம் இருமுறை அடித்தாலும் நல்லது.

கார்டிஃப்_வாசி | ஜனவரி 13, மாலை 4:10

வேல்ஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2023 செப்டம்பர் 17 முதல் ஊருக்குள் இருக்கும் பெரும்பாலான ரோடுகளில் வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். அதற்கு முன் 30 மைல். ஒரே நாளில் நாடு முழுக்க மாற்றினார்கள். எதிர்ப்பு எப்படி இருந்தது தெரியுமா? மொத்த ஜனத்தொகையே முப்பது லட்சம் சொச்சம் உள்ள நாட்டில், ரத்து செய் என்று நாலரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. பிறகு சில ரோடுகளைப் பழையபடி 30-க்கு மாற்றிக்கொள்ள உள்ளாட்சிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. என் மகள் இப்போது தனியாக ரோட்டைக் கடக்கிறாள். ஆனால் பலகை மட்டும் வைத்த இடத்தில் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. ரோட்டின் உருவம் மாறின இடத்தில்தான் நன்றாகக் குறைந்தது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். சென்னையில் இந்த வரம்பு உண்டா?

சிவில்_ஓய்வு | ஜனவரி 13, மாலை 6:00

உண்டு தம்பி, பலபேருக்குத் தெரியாது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்பைத் திருத்தியது. காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் எல்லா வண்டிக்கும் 30. சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. தெருதான் இல்லை. நேராக, வழவழவென்று, முந்நூறு மீட்டருக்குத் தடையே இல்லாமல் ஒரு தெரு இருந்தால் அதுவே ஓட்டுகிறவனிடம் "முறுக்கு" என்று சொல்லும். பலகை சொல்வது அவன் காதில் விழாது.

டெல்ஃப்ட்_தமிழன் | ஜனவரி 13, இரவு 8:30

நான் இருக்கும் ஊரில் இது பழைய கதை. அறுபதுகளின் கடைசியில் இங்கே குடியிருப்புத் தெருக்களில் மரத்தொட்டியும் பெஞ்சும் வைத்து வழியை வளைத்துவிட்டார்கள். நெதர்லாந்து அரசு 1976-இல் அதைச் சட்டத்திலேயே சேர்த்தது. அந்தத் தெருக்களில் நடப்பவருக்கே முதல் உரிமை, வண்டி நடைவேகத்தில்தான் போக வேண்டும். தெருவைப் பார்த்தாலே தெரியும், இது ஒரு வீட்டு முற்றம் என்று. மூணாவது குறுக்கில் இருபுறமும் நிற்கும் கார்களையே முதல் நூறு மீட்டர் இடப்பக்கம் மட்டும், அடுத்த நூறு மீட்டர் வலப்பக்கம் மட்டும் என்று மாற்றி நிறுத்தினால் நேர்கோடு உடையும். காசு செலவில்லை.

கதவுஎண்_14 | ஜனவரி 13, இரவு 9:15

யோசனை நல்லது. ஆனால் என் வாசலில் நான் கார் நிறுத்தக்கூடாது, எதிர்வீட்டுக்காரர் வாசலில் நிறுத்து என்று சொன்னால் இந்தத் தெருவில் அடுத்த பொங்கல் வரை சண்டைதான் நடக்கும். உண்மையைச் சொல்கிறேன்.

மூணாவது_குறுக்கு | பிப்ரவரி 4, இரவு 10:00

எண்ணிவிட்டோம். மூன்று வாரம் ஆனது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைச் சுண்ணாம்பில் போட நினைத்தோம். அம்மா கோலமாவு போதும் என்று சொல்லி அவரே வந்து நூல் பிடித்து இரண்டு கோடு இழுத்தார். வண்டி ஏறி அரைமணி நேரத்தில் அழிந்தது. மறுபடி இழுத்தார். மூன்றாவது முறை ஈரமாவில் போட்டார், அது நின்றது. எதிர்வீட்டு மாமியும் பத்தாவது படிக்கும் அவர் பேரனும் மாடியில் ஸ்டாப்வாட்ச். 14-ஆம் எண் சார் ஒரு முனையில், நான் மறுமுனையில் நோட்டுப் புத்தகத்துடன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 6 முதல் 7 வரை 488 வண்டிகள். பைக் 371, கார் 74, ஆட்டோ 38, வேனும் தண்ணி லாரியுமாக 5. அதில் பத்து நிமிடம் மட்டும் எண்களை எழுதிப் பொருத்தினோம். 60 வண்டியில் 47 இரண்டு நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறின. கிட்டத்தட்ட ஐந்துக்கு நாலு பேருக்கு எங்கள் தெருவில் எந்த வேலையும் இல்லை.

ஆனால் வேகம்? மாலையில் ஒருவரும் வேகமாகப் போகவில்லை. போக முடியாது. எதிரும் புதிருமாக நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து, பதினைந்து கிலோமீட்டர்தான். அன்று இரவு நோட்டைப் பார்த்துக் குழம்பிப்போனோம். மறுநாள் காலை 5.30 முதல் 7 வரை எடுத்தோம். மொத்தமே 96 வண்டி. அதில் 50 வண்டிக்கு நேரம் குறித்ததில் 31 ஆறு வினாடிக்குள். ஒரு பைக் 3.1 வினாடி. மாமியின் பேரன் கணக்குப் போட்டு 58 என்றான். அம்மாவின் டப்பாவைத் தட்டியதும் இந்த நேரம்தான்.

ஆக எங்கள் தெருவுக்கு இரண்டு வியாதி, ஒன்றல்ல. மாலையில் கூட்டம், விடியலில் வேகம். இத்தனை நாள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு ஒரே மருந்துக்கு அலைந்திருக்கிறோம். மாலை வருகிற 488 பேரை வேகத்தடை என்ன செய்யும்? இன்னும் ஹார்ன்தான் கூடும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பாதி உண்மைதான். காலையில் பறந்தவர்களில் நாலு பேர் எங்கள் தெருப் பையன்கள். டியூஷனுக்குப் போகிறவர்கள். இரண்டு பேருக்கு லைசென்ஸ் வயதே ஆகவில்லை.

சிவில்_ஓய்வு | பிப்ரவரி 5, காலை 7:30

இதைத்தான் எதிர்பார்த்தேன். எந்தத் தெருவில் எண்ணினாலும் இந்த நாலு பேர் கிடைப்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு வயது வராத பிள்ளை வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ. பெற்றவர்களைக் கூப்பிட்டு அமைதியாகச் சொல்லுங்கள். போலீஸிடம் போகும் முன் இதைச் செய்யுங்கள், மனுவுக்கு மரியாதை வரும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டம் குறைய ஒருவழிப் பாதை ஆக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். மாலைக்கு அது உதவும். ஆனால் எதிரே வண்டி வராது என்று தெரிந்தால் விடியலில் இன்னும் முறுக்குவார்கள். ஒரு வியாதிக்கான மருந்து இன்னொன்றை வளர்க்கும். மேடு இல்லாமல் ஒருவழி வேண்டாம்.

வீல்சேர்_வாசகி | பிப்ரவரி 5, காலை 11:00

இந்த இழையை ஒரு மாதமாகப் படிக்கிறேன். முனையில் இரும்புத் தூண் நட்டு கார்களை மட்டும் தடுக்கலாம் என்று எங்கள் பகுதியில் செய்தார்கள். என் வீல்சேர் நுழைய இடம் விட்டால் பைக்கும் நுழையும். பைக் நுழையாதபடி நெருக்கி நட்டால் நான் வீட்டுக்குள்தான். கடைசியில் நெருக்கித்தான் நட்டார்கள். உங்கள் தெருவில் 488-இல் 371 பைக் என்றால் தூணால் பயன் இல்லை, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ரேஷன் கடை முன்னால் தெருவைக் குறுக்கே மேடைபோல உயர்த்திக் கேளுங்கள். மேல்பகுதி தட்டையாக, இருபக்கமும் சரிவாக. வண்டிக்கு அது வேகத்தடை, எனக்கு அது சமதளம்.

மூணாவது_குறுக்கு | பிப்ரவரி 16, இரவு 9:45

மனு கொடுத்துவிட்டோம். எங்கே கொடுப்பது என்று கேட்டிருந்தவர்களுக்கு: உள்தெருக்கள் மண்டல அலுவலகத்தின் கீழ், பஸ் போகும் ரோடுகளுக்கு மாநகராட்சியில் தனிப் பிரிவு. திருப்பம், யூ டர்ன், ஒருவழி எல்லாம் போக்குவரத்து போலீஸ். எங்கள் தெருவில் மேடு போட வார்டு பொறியாளர், பெரிய ரோட்டில் யூ டர்ன் திறக்க போலீஸ். இரண்டு மனு, இரண்டு அலுவலகம். இரண்டிலும் ஒரே எண்ணிக்கைத் தாளை இணைத்தோம்.

முதலில் வார்டு அலுவலகத்தில் இருந்தவர் தாளை வாங்கி அப்படியே மேஜையில் வைத்தார். 14-ஆம் எண் சார் தாளைத் திருப்பி, 3.1 வினாடி என்று சிவப்பில் வட்டம் போட்டிருந்த வரியைக் காட்டினார். "இது யார் எடுத்தது?" என்று கேட்டார். எதிர்வீட்டு மாமி, "நாங்கதான், மாடியில் நின்னு" என்றார். பிறகு உட்காரச் சொன்னார்கள். கேட் வேண்டும் என்று முதல் நாள் எழுதிய அதே சார்தான், கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்திலும் பேசினோம். நாலாவது குறுக்கிலிருந்து யாரும் வரவில்லை.

டெலிவரி_தம்பி | மார்ச் 22, இரவு 12:20

அண்ணா, யூ டர்ன் திறந்துவிட்டார்கள். சிக்னல் தாண்டி முந்நூறு மீட்டரில், பேரிகேடு வைத்து. சோதனை முறையில் என்று போர்டு இருக்கிறது. இன்று மாலை மூன்று ஆர்டர் அந்த வழியாகத்தான் போனேன்.

மூணாவது_குறுக்கு | ஏப்ரல் 9, இரவு 8:50

அதே செவ்வாய்க்கிழமை, அதே 6 முதல் 7. இந்த முறை 301 வண்டி. ஹார்ன் சத்தம் குறைந்ததை எண்ணிக்கை இல்லாமலே சொல்லலாம், டிவியின் சத்தத்தைக் குறைத்திருக்கிறோம்.

மேடு ஒன்றுதான் கிடைத்தது, நாங்கள் கேட்டது இரண்டு. ரேஷன் கடை முன் மேடைக்கு அடுத்த நிதியாண்டில் பார்ப்போம் என்கிறார்கள், விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிடைத்த ஒன்றை அளவுப்படி போட வைக்க சிவில் சார் சொன்னபடி பலகையில் 17 மீட்டர் ஆரத்தின் வளைவை வெட்டி எடுத்துப்போய் வேலையாட்களிடம் கொடுத்தோம். மேஸ்திரி அதை வைத்து வைத்துப் பார்த்து, தாரை இரண்டு முறை சரிசெய்தார். 3.7 மீட்டருக்கு அஞ்சு சென்டிமீட்டர் குறைவு, அவ்வளவுதான். ஓரத்தில் மழைநீருக்குக் குழாய் வைத்திருக்கிறது. அந்த ஓர இடைவெளியில் பைக் நுழைந்து தப்பிக்காமல் இருக்க ஒரு செடித்தொட்டி வைத்தோம்.

மேடு இருக்கும் பக்கம் விடியலில் வேகம் அடங்கிவிட்டது. மறுபாதியில் இன்னும் இல்லை. எங்கள் வீடு மேடு இருக்கும் பக்கம். அம்மா இன்னும் உள்ளேதான் கோலம் போடுகிறார். நான் வற்புறுத்தவில்லை.

நாலாவது_குறுக்கு | ஏப்ரல் 10, காலை 7:10

நான் அடுத்த தெரு. இன்றுதான் இந்த இழையைப் பார்த்தேன். உங்களுக்கு மேடு போட்ட வாரத்திலிருந்து விடியற்காலைப் பைக்குகள் எல்லாம் எங்கள் தெரு வழியாகப் போகின்றன. நேற்று பேப்பர் போடும் பையன் சைக்கிளோடு விழுந்தான். முட்டியில் தோல் உரிந்தது. உங்கள் தெருவை நீங்கள் காப்பாற்றிக்கொண்டீர்கள், எங்களை யார் கேட்டார்கள்? ஏரியா சபை பற்றி எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

மூணாவது_குறுக்கு | ஏப்ரல் 10, காலை 7:55

நீங்கள் சொல்வது சரி. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் செய்யவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். தம்பி ஜனவரியிலேயே எழுதினார், அடுத்த தெருவில்தான் நுழைவோம் என்று. படித்தும் எங்கள் தெருவை மட்டும் எண்ணினோம்.

பையனுக்கு எப்படி இருக்கிறது? வரும் ஞாயிறு வேண்டாம், அன்று ஆள் போக்குவரத்து வேறு மாதிரி இருக்கும். செவ்வாய் காலை 5.30-க்கு நாங்கள் நாலு பேர் உங்கள் தெருவுக்கு வருகிறோம். டேப், நோட்டு, ஸ்டாப்வாட்ச் எங்களிடம் இருக்கிறது. உங்கள் பக்கம் மாடி உள்ள வீடு ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

நாலாவது_குறுக்கு | ஏப்ரல் 10, காலை 8:30

பையன் இன்று பேப்பர் போட வந்துவிட்டான். எங்கள் வீட்டு மாடியே இருக்கிறது, எண் 9. வாருங்கள், காபி போட்டு வைக்கிறேன். கோடு போட உங்கள் அம்மாவும் வருவாரா?

மூணாவது_குறுக்கு | ஏப்ரல் 10, காலை 8:42

கேட்டேன். மாவை ஊறவைக்கத் திங்கள் இரவே ஞாபகப்படுத்தச் சொல்கிறார்.